யோகா ஆசிரியர் சான்றிதழுக்கு 25 நாள் போதுமா? அவிநாசிச் சகோதரியின் நான்கு கேள்விகளுக்கு விரிவான பதில்

அவிநாசியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சாரம் இது. வயது 36, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. மூன்று ஆண்டுகளாக, வேதாத்திரி மகரிஷியின் முறையைக் கற்பிக்கும் மனவளக்கலை மன்றத்தில் ஊரிலேயே பயிற்சி செய்து வருகிறார். முதுகுவலி குறைந்து தூக்கமும் சீரானதிலிருந்து, தாமும் நாலு பேருக்குக் கற்றுத்தர வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வலுத்திருக்கிறது. 25 நாள் தங்கிப் படித்தால் 200 மணி நேரச் சான்றிதழ், அதோடு இயற்கை மருத்துவம், ரெய்கி, ஒலிச் சிகிச்சை, சக்கர ஹீலிங் எல்லாம் சேர்ந்த ‘ஹோலிஸ்டிக்’ பயிற்சி என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார். அது போதுமா, எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு, நோயுள்ளவர்களுக்குக் கற்றுத்தரலாமா, இப்போதே வேலையை விட்டுவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள். கோபிசெட்டிபாளையம் பக்கம் 18 ஆண்டுகளாக வகுப்பு நடத்தி வருகிறேன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சான்றிதழ் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் யோகா கற்றுக்கொடுக்கச் சட்டப்படி உரிமம் எதுவும் தேவையில்லை. நாளைக் காலையில் உங்கள் வீட்டு மாடியில் பத்துப் பேரை உட்கார வைத்து வகுப்பைத் தொடங்கினால் யாரும் வந்து தடுக்கப் போவதில்லை. ஆகவே ஒரு சான்றிதழின் மதிப்பு என்ன என்பது, அதை உங்களிடம் கேட்கப் போகிறவர் யார் என்பதைப் பொறுத்தது. அரசுத் திட்டத்தில் பயிற்றுநர் பணிக்கு விண்ணப்பித்தால் ஒன்றைக் கேட்பார்கள். வெளிநாட்டில் ஒரு ஸ்டூடியோவில் வேறொன்றைக் கேட்பார்கள். கல்லூரியில் பட்டம் கேட்பார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து முழங்கால் வலியோடு வரும் அம்மா எதையுமே கேட்கமாட்டார். அவர் கேட்கமாட்டார் என்பதாலேயே அவர் விஷயத்தில் நமக்குப் பொறுப்பு கூடுகிறது.

மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் யோகா சான்றிதழ் வாரியம் தருவதே இன்று அரசு ஏற்கும் சான்று. 2015-இல் இந்தியத் தர மன்றத்தின் வழியாகத் தொடங்கப்பட்ட திட்டத்தின் தொடர்ச்சியாக வந்த அமைப்பு இது. கற்பிப்போருக்கான படிகள் நான்கு: யோகா புரோட்டோகால் பயிற்றுநர், யோகா வெல்னஸ் பயிற்றுநர், யோகா ஆசிரியர் மற்றும் மதிப்பீட்டாளர், யோகா மாஸ்டர். பாடத்திட்டத்தின்படி இவற்றுக்கு முறையே 200, 400, 800, 1600 மணி நேரம் குறைந்தபட்சப் பயிற்சியாக வகுக்கப்பட்டிருக்கிறது. யோகா சிகிச்சைக்கான படிகள் இவற்றிலிருந்து வேறானவை. அந்த வேறுபாடு உங்கள் மூன்றாவது கேள்விக்கு முக்கியம், பிறகு வருகிறேன். தேர்வில் எழுத்துப் பகுதியும் செய்முறையும் உண்டு. செய்முறையில் நீங்கள் ஆசனம் செய்து காட்டுவதோடு விடமாட்டார்கள். எதிரில் இருப்பவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி, இந்த ஆசனம் யாருக்கு ஆகாது, ஏன் ஆகாது என்றும் கேட்பார்கள். நன்றாகச் செய்யத் தெரிந்த பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

முதல் படிக்கு அடித்தளம், ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21 அன்று உலக யோகா தினத்தில் செய்யப்படும் 45 நிமிடப் பொதுப் பயிற்சி முறை. தாடாசனம், விருட்சாசனம், திரிகோணாசனம் முதலிய நின்று செய்பவை, உட்கார்ந்து செய்பவை, குப்புறப் படுத்தும் மல்லாந்தும் செய்பவை, பிறகு மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதி, நாடிசோதனம், சீதளி, பிராமரி ஆகிய மூச்சுப் பயிற்சிகள், தியானம் என்று அது போகும். மன்றத்தில் நீங்கள் கற்றது கைப்பயிற்சியில் தொடங்கி ஓய்வு தளர்த்தலில் முடியும் ஒன்பது பகுதி எளியமுறை உடற்பயிற்சி. கபாலபாதியும் மகராசனமும் பெயரளவில் இரண்டிலும் இருந்தாலும் செய்யும் முறை அப்படியே ஒன்றல்ல. மன்றத்து மகராசனத்தில் பழகியவர் தேர்வாளர் முன் அதையே செய்தால் மதிப்பெண் போய்விடும். மூன்று ஆண்டுப் பயிற்சி வீணில்லை, உட்காரவும் மூச்சைக் கவனிக்கவும் அது உங்களைப் பழக்கியிருக்கிறது. ஆனால் ஆசனங்களை நீங்கள் ஏறத்தாழ அரிச்சுவடியிலிருந்தே படிக்க வேண்டியிருக்கும்.

விளம்பரத்தில் வரும் ‘200 மணி நேரம்’ பெரும்பாலும் யோகா அலையன்ஸ் கணக்கு. 1999-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு தானாகத் தேர்வு எதுவும் நடத்துவதில்லை. தன் வரையறைக்கு உட்பட்ட பள்ளிகளைப் பதிவு செய்துகொண்டு, அங்கே முடித்தவர்களையும் பதிவேட்டில் சேர்த்துக்கொள்கிறது. அதாவது உங்கள் தேர்ச்சியைத் தீர்மானிப்பது உங்களிடம் கட்டணம் வாங்கிய அதே பள்ளி. வெளிநாட்டு ஸ்டூடியோக்களில் இந்தப் பதிவுக்கு மதிப்பு உண்டு என்பது உண்மை; அவிநாசியிலோ பெருந்துறையிலோ கற்பிக்கப் போகிறவருக்கு அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இரண்டிலும் 200 என்ற எண் வருவதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ‘அரசு அங்கீகாரம்’ என்று பள்ளிக்காரர் சொன்னால், எந்த வாரியம், எந்தப் படி, தேர்வு நடத்துவது யார் என்ற மூன்றையும் எழுதித்தரச் சொல்லிக் கேட்டு, வாரியத்தின் இணையதளத்திலுள்ள நிறுவனப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகப் பட்டயமும் எம்.எஸ்சி. பட்டமும் கல்லூரி, பள்ளி வேலைகளை நினைப்பவர்களுக்கானவை. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் யோகாவும் இப்போது ஒரு பாடம். தொலைநிலையில் சேர்வதானால் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி.யின் அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். உங்கள் நிலையில் இது உடனடித் தேவையில்லை.

இனி 25 நாள். 200 மணியை 25-ஆல் வகுத்தால் நாளுக்கு 8 மணி நேரம். உண்பது, உறங்குவது, குளிப்பது போக அவ்வளவையும் உட்கார்ந்து கேட்டுவிட முடியும். உடம்பு அதே வேகத்தில் வாங்கிக்கொள்ளாது. தொடையின் பின்புறத் தசை நீளவும், தோள் திறக்கவும், மூச்சு தானாக நீளவும் மாதங்கள் ஆகும். ஆனால் என் தயக்கத்துக்குப் பெரிய காரணம் இதுவல்ல. 25 நாளும் நீங்கள் பார்க்கப் போவது உங்களைப் போலவே ஆர்வத்தோடும் ஓரளவு வளையும் உடம்போடும் வந்த சக மாணவர்களைத்தான். நாளைக்கு உங்கள் வகுப்புக்கு வரப்போகிறவர்களில் ஒருவர்கூட அங்கே இருக்கமாட்டார்.

யார் வருவார்கள் என்று ஒருவரை வைத்தே சொல்கிறேன். என் வகுப்பில் ஓவர்லாக் மிஷினில் பல ஆண்டுகள் தைத்த ஒரு பெண் இருக்கிறார். முதல் வாரம், கால் நீட்டி உட்கார்ந்து முன்குனியும் பச்சிமோத்தானாசனத்தில் அவருடைய விரல்கள் பாதத்தைத் தொட்டுவிட்டன. பக்கத்தில் இருந்தவர்கள் வியந்தார்கள். நான் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பு எலும்பு இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. வளைந்தது முழுக்க நடு முதுகும் கழுத்தும்தான், மிஷின் முன்னால் நாள் முழுவதும் வளைகிற அதே வளைவு. தாடை இறுகியிருந்தது. காறை எலும்புக்கு மேலே ஒரு குழி விழுந்து அப்படியே நின்றது, அதாவது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து நிற்கச் சொன்னபோது எடை இடது காலில் விழுந்தது; வலது கால் பெடலுக்காகவே வாழ்ந்த கால். அவருக்கு நான் செய்ததெல்லாம், ஒரு பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்து உட்காரும் எலும்புகளுக்கு அடியில் வைத்து, முழங்கால்களைச் சற்றே மடக்கச் சொல்லி, ‘பாதம் இருக்கட்டும் கண்ணு, தொப்புளைத் தொடைக்குப் பக்கமாகக் கொண்டு போ’ என்று சொன்னதுதான். விரல் பாதத்திலிருந்து ஒரு சாண் பின்வாங்கியது. அவருக்கு அது தோல்வியாகப் பட்டது. ‘நேத்து தொட்டேனுங்களே’ என்றார். ஆனால் அன்றைக்குத்தான் அவர் இடுப்பிலிருந்து குனிந்தார். குனிவதை அத்தோடு நிறுத்திவிட்டு, அடுத்த இரண்டு மாதம் புஜங்காசனம், சலபாசனம் என்று முதுகைப் பின்னோக்கித் திறப்பவற்றையே கொடுத்தேன்.

இந்தப் பார்வை புத்தகத்தில் வராது; மூத்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் பின்வரிசையில் நின்று, அவர் யாரிடம் போகிறார், எங்கே கை வைக்கிறார், யாரைத் தொடாமலே விடுகிறார் என்று ஆறு மாதமாவது கவனித்தால்தான் வரும். இதில் சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. வகுப்பைப் பார்த்து நின்றுகொண்டு ‘வலது கையை உயர்த்துங்கள்’ என்று சொல்லும்போது நாம் இடது கையை உயர்த்த வேண்டும். கண்ணாடியைப் பார்ப்பதுபோல் அவர்கள் நம்மைப் பார்த்துச் செய்வார்கள். வாய் வலது என்றும் கை இடது என்றும் போவதற்கு எனக்கே ஒரு மாதப் பழக்கம் பிடித்தது. செய்து காட்டுவதும் பேசுவதும் ஒரே நேரத்தில் என்றால் நமக்கு மூச்சு வாங்கும். ஒன்றைக் காட்டிவிட்டு எழுந்து, மீதியைச் சொல்லால் நடத்தப் பழக வேண்டும்.

நம் வட்டாரத்தில் அப்படி நின்று கற்க இடத்துக்குப் பஞ்சமில்லை. உங்கள் மன்றத்தின் தலைமையகமே ஆனைமலை அடிவாரத்தில், ஆழியாற்றில் உள்ள அறிவுத் திருக்கோயில். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். தறியும் மில்லும் நிறைந்த கொங்கு நாட்டில் அவருடைய முறை ஊருக்கு ஊர் வேரூன்றியதற்கு, நின்ற இடத்தில் உழைக்கும் மனிதருக்கு ஏற்ற எளிமை அதில் இருந்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அங்கேயே ஆசிரியர் பயிற்சிக்கான படிகள் உண்டு. ஆனால் அவை அந்த முறையைக் கற்பிப்பதற்கானவை, பெரும்பாலும் தொண்டாகச் செய்யப்படுபவை. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஈஷா மையம் தன் ஹட யோகா ஆசிரியர் பயிற்சியை 21 வாரம் தங்கிக் கற்கும் ஒன்றாக வைத்திருக்கிறது. அதுவும் அவர்கள் வகுத்த முறையைக் கற்பிப்பதற்கே. சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்கு, டி.கே.வி. தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் இருக்கிறது. ஆளுக்கேற்றபடி பயிற்சியை மாற்ற வேண்டும், பயிற்சிக்கேற்றபடி ஆளை மாற்றக் கூடாது என்பது அவர்களுடைய மரபின் அடிப்படை. எனக்கு மிகவும் உடன்பாடானது அதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு மரபில் கால் ஊன்றிய பிறகு மற்றதைப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு பள்ளி மாறுகிறவர்களிடம் சான்றிதழ்கள் சேர்கின்றன, மாணவர்கள் நிற்பதில்லை.

‘ஹோலிஸ்டிக்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். முழுமை நலம் என்பது யோகத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவேண்டிய பொருள் அல்ல. மனிதனை அன்னமயம், பிராணமயம், மனோமயம், விஞ்ஞானமயம், ஆனந்தமயம் என்று ஐந்து கோசங்களாக, அதாவது ஒன்றுக்குள் ஒன்றான உறைகளாகத் தைத்திரீய உபநிடதம் பார்த்தது. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம் என்னும் ஒழுக்க நெறிகளில் தொடங்கித்தான் ஆதனத்துக்கும் பிராணாயாமத்துக்கும் வருகிறார். உணவு, உறக்கம், உழைப்பு, பேச்சு, மூச்சு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியர் ஏற்கெனவே முழுமையாகத்தான் பார்க்கிறார். விளம்பரத்தின் கணக்கு வேறு. 200 மணிக்குள் ரெய்கி, ஒலிக்கிண்ணம், சக்கரம், கற்கள் என்று அடுக்கினால் ஒவ்வொன்றுக்குமான மணி வேறெதிலிருந்தோ எடுக்கப்படுகிறது. யோகா அலையன்ஸ் வரையறையே உடற்கூறு, உடலியங்கியலுக்கு 30 மணியைத்தான் கேட்கிறது. என்னைக் கேட்டால் அதுவே குறைவு. சேருமுன் கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். முதுகெலும்பின் அமைப்புக்கு எத்தனை வகுப்பு, மாணவர்கள் கற்பித்துக் காட்டுவதற்கு எத்தனை வகுப்பு என்று எண்ணுங்கள். அட்டவணை தரத் தயங்குகிற இடத்தைப் பற்றி நான் மேலே சொல்ல ஒன்றுமில்லை.

உணவில் ஒரு வேடிக்கை உண்டு. ஹட யோகத்தின் அடிப்படை நூலான ஹடயோகப் பிரதீபிகை, பயிற்சி செய்பவர் விலக்க வேண்டிய உணவுகளைப் பட்டியலிடுகிறது. அதில் பூண்டு, பெருங்காயம், தயிர், மோர் ஆகியவற்றோடு கொள்ளும் இருக்கிறது. பயிற்சி முடித்த சூட்டோடு ஊருக்கு வந்து, கொள்ளுப் பருப்பும் மோரும் இல்லாமல் ஒரு கொங்கு வீட்டை நடத்தச் சொல்லிப் பாருங்கள், மறுநாள் வகுப்பில் பாய் மட்டும்தான் இருக்கும். ஒதுக்குப்புறமான சிறு குடிலில் இரவும் பகலும் சாதனை செய்தவருக்கு எழுதிய பத்தியம் அது; வெயிலில் களை வெட்டிவிட்டு வருகிறவருக்கு எழுதியதல்ல. ஆனால் அதே நூல் சொல்லும் மிதாகாரம், அதாவது வயிற்றில் கால் பங்கைக் காலியாக விடுவது, எல்லோருக்கும் பொருந்தும். நான் உணவுப் பட்டியல் கொடுப்பதில்லை. இரவுச் சாப்பாட்டை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்பேன். திருப்பூரில் இரவு ஷிப்ட் முடிந்து பத்தரை மணிக்குப் பரோட்டா சாப்பிடுகிறவருக்கு எந்தப் பிராணாயாமமும் தூக்கத்தைச் சீராக்கப் போவதில்லை.

உடலைச் சுத்தப்படுத்தும் கிரியைகளில், உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவும் ஜலநேதி பெரும்பாலான பயிற்சிகளில் இடம்பெறும். அரை லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு என்ற அளவு எல்லோருக்கும் நினைவிருக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் மறந்துபோகும். மூக்கு வழியாக ஏறும் ஒருவகை அமீபா மூளைக்காய்ச்சலை உண்டாக்கி உயிரையே எடுக்கக்கூடியது. பக்கத்துக் கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் அதற்குப் பலியானவர்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். குடித்தால் கேடு செய்யாத தண்ணீர்கூட மூக்கில் ஏற்றத் தகுந்ததாகிவிடாது. குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ வெதுவெதுப்பாக்கி மட்டும் நேதி செய்யச் சொல்லித்தரும் பயிற்சியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பிராணாயாமத்தில் இன்னும் கவனம் வேண்டும். மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16, உள்ளே நிறுத்தும் கும்பகத்துக்கு 64, வெளியே விடும் ரேசகத்துக்கு 32 மாத்திரைக் கால அளவு என்று திருமூலர் கணக்குச் சொல்கிறார். ஒன்றுக்கு நான்குக்கு இரண்டு என்ற இந்த விகிதத்தை முதல் வாரமே வகுப்பில் எண்ணவைக்கும் இளம் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அது போய்ச் சேரவேண்டிய ஊர், புறப்படுகிற இடமல்ல. மூச்சை நிறுத்தாமல் நான்கு எண்ணி இழுத்து நான்கு எண்ணி விடுவது, அது சுலபமானதும் விடுவதை ஆறாக நீட்டுவது என்பதே பெரும்பாலோருக்கு முதல் சில மாதங்களுக்குப் போதும். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் கும்பகமும் வேகமான கபாலபாதியும் வேண்டவே வேண்டாம்.

நோயுள்ளவர்களுக்குக் கற்றுத்தரலாமா என்ற கேள்விக்கு, என் தவறு ஒன்றைச் சொல்வதுதான் நேர்மையான பதிலாக இருக்கும். தொடங்கிய மூன்றாவது ஆண்டு. காலை ஐந்தரை மணி வகுப்பு. விசைத்தறி ஓட்டி ஓய்ந்த 58 வயது அண்ணன் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். ‘வெறும் வயிற்றில் வாருங்கள்’ என்று எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொல்லியிருந்தேன். சர்க்கரை உண்டு என்று அவரும் சொல்லியிருந்தார். மாத்திரையா ஊசியா என்று நான் கேட்கவில்லை. திரும்பிப் போக நேரமாகிவிடும் என்று அன்றைக்கு இன்சுலினைப் போட்டுக்கொண்டு, நான் சொன்னபடியே ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார். சூரிய நமஸ்காரத்தின் ஆறாவது சுற்றில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மார்கழிக் குளிரில் அவருக்கு மட்டும் என்ன வேர்வை என்று நான் நினைத்தேனே தவிர, அதற்குமேல் யோசிக்கவில்லை. பிறகு கை நடுங்கியது. கேட்டதற்குக் குழறலாக ஏதோ சொன்னார். வகுப்பில் இருந்த ஒரு நர்ஸம்மாதான் எழுந்து ஓடிவந்து, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தார்; கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை கொடுத்தார். எட்டு மணிக்கு அவர் தன் வண்டியிலேயே வீட்டுக்குப் போகிறேன் என்றார். விடாமல் நானே கொண்டுபோய் விட்டேன். ஆசனத்தில் பிழையில்லை, என் கேள்வியில்தான் பிழை இருந்தது. அன்றிலிருந்து சேரும் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கப் படிவம் வாங்குகிறேன். என்ன மாத்திரை, எந்த நேரம், என்ன அறுவைச் சிகிச்சை, கடைசியாகக் கண் பரிசோதித்தது எப்போது என்பவை அதில் இருக்கும். வகுப்பறை அலமாரியில் சர்க்கரை டப்பா ஒன்று எப்போதும் இருக்கும்.

கண்ணை ஏன் கேட்கிறேன் என்றால், சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. கண்நீர் அழுத்த நோய் (குளுக்கோமா) உள்ளவர்களுக்கும், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கும் தலைகீழ் ஆசனங்கள் ஆபத்து. அவர்களில் பலருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. குடலிறக்கம் உள்ளவருக்குக் கபாலபாதியும் வயிற்றை அழுத்தும் ஆசனங்களும் ஆகாது. முதுகுத்தட்டு பிதுங்கியவருக்கு முன்குனிவதும், எலும்பு மெலிந்த (ஆஸ்டியோபோரோசிஸ்) வயதான பெண்களுக்கு வளைந்து உருள்வதும் கேடு. இவற்றை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம். எதிரில் இருப்பவரிடம் தயங்காமல் கேட்டு, ‘உங்களுக்கு இது வேண்டாம்’ என்று சொல்லத்தான் துணிவு வேண்டும். சிலர் கோபித்துக்கொண்டு வேறு வகுப்புக்குப் போவார்கள், போகட்டும்.

ஆகவே, நோயுள்ளவர்களுக்குக் கற்றுத்தரலாம், நோய்க்குச் சிகிச்சை தரக் கூடாது. முதல் இரண்டு படிச் சான்றிதழ்கள் பொதுவான நலத்துக்குக் கற்பிக்கும் தகுதி. சிகிச்சைக்கு வாரியமே தனிப் படிகளை வைத்திருக்கிறது. அதற்கும் மேலே, யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பட்டம் என்னும் பி.என்.ஒய்.எஸ். ஐந்தரை ஆண்டுப் படிப்பு. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. 25 நாளில் இரண்டு நாள் மண்பட்டியும் நீராவிக் குளியலும் பார்த்துவிட்டு வந்து ‘இயற்கை மருத்துவர்’ என்று பலகை வைப்பது, ஐந்தரை ஆண்டு படித்தவரையும் உங்களை நம்பி வருகிறவரையும் ஒருசேர ஏமாற்றுவது. மாத்திரையை நிறுத்தலாமா என்று உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள், அதுவும் மூன்றாவது மாதத்தில், உங்கள்மேல் முழு நம்பிக்கை வந்த பிறகு. ‘அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள், நானும் கூட வருகிறேன்’ என்பது நான் சொல்லும் பதில். இரண்டு பேரோடு உண்மையிலேயே போயிருக்கிறேன். ஒருவருக்கு மருத்துவரே அளவைக் குறைத்தார், இன்னொருவருக்குக் கூட்டினார்.

வேலையை விடுவது பற்றி. இப்போது விடாதீர்கள். வகுப்பு நடத்தி வரும் வருமானம் முதல் இரண்டு ஆண்டுகள் ஆடி மாதத்துக்கும் தீபாவளிக்கும் கோடை விடுமுறைக்கும் ஆடும். தை மாதம் இருபது பேர் சேர்வார்கள், சித்திரையில் ஆறு பேர் நிற்பார்கள். வாடகை இடம் பிடித்துத் தொடங்கியவர்கள் இந்த ஆட்டத்தில்தான் மூடுகிறார்கள். நீங்கள் ஓர் ஆண்டுக்கு, காலையிலோ ஞாயிற்றுக்கிழமைகளிலோ, பத்து ஆண்டுக்கு மேல் கற்பித்த ஒருவரிடம் ஆசனங்களை முறையாகப் பழகுங்கள். ஆறு மாதம் கழித்து அவர் வகுப்பில் உதவியாளராக நிற்க அனுமதி கேளுங்கள். ஆண்டு முடிவில் புரோட்டோகால் பயிற்றுநர் தேர்வு, அதற்கடுத்த ஆண்டு வெல்னஸ் பயிற்றுநர் தேர்வு என்று வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பிக்கும் ஆண்டில் தகுதி நிபந்தனைகளையும் கட்டணத்தையும் வாரியத்தின் அறிவிப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மாணவர்களுக்காக நீங்கள் எங்கும் தேட வேண்டியதில்லை. செக்கிங் டேபிளில் உங்களோடு நாள் முழுவதும் நின்றுகொண்டு, கழுத்தைக் குனிந்து துணியில் ஓட்டை தேடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் விருப்பமுள்ள நான்கு பேரைப் பதினொரு மணி டீ நேரத்தில் ஐந்து நிமிடம் சுவரோடு முதுகு சேர்த்து நிற்க வையுங்கள். குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் சுவரைத் தொடட்டும். தலையைச் சுவரில் சாய்க்க யாருக்கு முகவாய் மேலே தூக்குகிறது, யாருக்கு விலா முன்னால் பிதுங்குகிறது என்று பாருங்கள். திருத்த வேண்டாம், முதல் ஒரு மாதம் பார்ப்பது மட்டும் போதும். பார்த்ததை அன்றன்றைக்கு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போய் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.